உடனிருந்தவர்

காணிக்காகத்தான் போனேன்.
உறுதி சுத்தமில்லை, பூட்டன் இறந்ததற்குத்
துண்டு வேண்டும் என்றார் சட்டத்தரணி.
செத்து நூறு வருஷமாகப் போகுது, ஐயா.
"அது உங்களுக்குத் தெரியும். உறுதிக்குத் தெரியாது."

கச்சேரியடியில் இறங்கிப் படிவம் நிரப்பினேன்.
பெயர்: முருகேசர் ஐயாத்துரை.
பிறந்த ஊர்: கொக்குவில் மேற்கு.
இறந்த இடம்: மலாயா, கிளாங்.
யோசியாமல் எழுதியது கை.
"மலாயாச் சாவு இஞ்ச வராது, அக்கா" என்றான் நிரோஜன்.
பிறகு ஏனோ, "எதுக்கும் பாப்பம்."

எங்கள் வீட்டுக் கதை இவ்வளவுதான்:
ரயில்வேயில் கிளாக்கர். மாதாமாதம் மணியோடர்.
ஒரு மாதம் வரவில்லை. பிறகு எந்த மாதமும் வரவில்லை.
மூன்றாம் வருஷம், இருபத்து நான்கில், கீரிமலையில்
தர்ப்பையால் ஓர் ஆளைக் கட்டி வேட்டி சுற்றி
ஒன்பது வயது மகன் கொள்ளி வைத்தான்.
பூட்டியின் தாலி இறங்கியது.
ஐயர் ஒரு திதி குறித்துக் கொடுத்தார்.
அந்தத் திதிக்கு இன்றுவரை
எங்கள் மதிலில் காகம் வந்து சோறு தின்கிறது.

இருபத்து மூன்று இருந்தது. இருபத்து நான்கு பாதி.
இருபத்தைந்து, இடம்பெயர்ந்தபோது லொறியில் ஏறி
எங்கோ இறங்கிவிட்டது.
இருபத்தாறின் ஓரங்களைக் கறையான் வாசித்து முடித்திருந்தது.
இருபத்தேழை விரித்த நிரோஜன்
என்னைக் கூப்பிடவில்லை.
புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தான்.

நாவாந்துறை.
ஆண். வயது நாற்பத்தொன்று.
தகப்பன் முருகேசர். பிறந்தது கொக்குவில்.
தொழில்: வலை பொத்துதல்.
காரணம்: நெருப்புக் காய்ச்சல், பதினெட்டு நாள்.

இரண்டரை மைல்.
சைக்கிளில் போனால் வியர்க்காது.

தர்ப்பை எரிந்த அன்று என்ன செய்துகொண்டிருந்தார்?
எவராவது வந்து சொன்னார்களா,
"உம்மை எரிச்சுப் போட்டினம்" என்று?
அதன்பிறகும் மத்தியானம் சாப்பிட்டாரா?
பூட்டி நாற்பத்திரண்டு வருஷம் வெள்ளை உடுத்தவ.
அதில் முதல் மூன்று வருஷம்
அவ கைம்பெண்ணே இல்லை.

ஸ்காபரோவில் விடியவில்லை, என்றாலும் எடுத்தேன்.
சின்ன மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.
"எந்த இடம் எண்டனி?"
திரும்பச் சொன்னேன்.
"அது வேற ஆள். பேர் ஒண்டெண்டா ஆள் ஒண்டோ?
எங்கட ஆக்கள் வலை பொத்தினவையோ?
உதைக் காணிக்குக் குடுத்திட்டு வாயை மூடு."

கடைசிக் கட்டத்துக்கு அப்போதுதான் வந்தேன்.
அறிவித்தவர்: சூசை மதலேனம்மா.
கையெழுத்தில்லை, பெருவிரல்.
என்ன முறை என்ற இடத்தில்
மனைவி என்று இல்லை. அயலவர் என்றும் இல்லை.
பதிவுகாரர் யோசித்திருக்க வேண்டும்,
பேனா ஊறி ஒரு பொட்டு.
அதற்குப் பக்கத்தில்:
மரணத்தின்போது உடனிருந்தவர்.

பதினெட்டு நாள்.
ஈரத்துணி, மல்லித் தண்ணீர், பிதற்றல்.
பிதற்றலில் அவர் யாருடைய பெயரைச் சொன்னாரோ,
அதையும் இருந்து கேட்டிருப்பா.
பிறகு நடந்துவந்து, மையில் விரல் தோய்த்து,
இந்த ஆள் இருந்தான், செத்தான் என்று
அரசாங்கத்துக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறா.
ரேகைகளைக் குறுக்கே வெட்டி ஒரு வெள்ளைக் கோடு.
மீன் வெட்டிய கத்தியோ, இழுத்த கயிறோ.
அவவின் படம் என்று இருப்பது அது மட்டும்.

இரண்டு பிரதி கேட்டேன். ஒன்று உறுதிக்கு.
போகாமல் நின்றேன்.
"இன்னொரு படிவம் தாரும், தம்பி."

பெயர்: சூசை மதலேனம்மா.
இறந்த ஆண்டு: தெரியாது.
இறந்த இடம்: நாவாந்துறையாக இருக்கலாம்.
விண்ணப்பகாரர் இறந்தவருக்கு என்ன முறை?

பேனாவை மூடி நீட்டினேன்.
நிரோஜன் மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.
"இந்தக் கட்டம் வெறுமையா விடேலாது, அக்கா.
ஏதாவது ஒண்டு போடுங்கோ."